பிபி 152/96: மாத்திரையா, இந்துப்பா, பூண்டுப் பாலா?

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 43, வங்கி வேலை. அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் பிபி 152/96 என்று வந்திருக்கிறது. "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரை எழுதலாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் கணவர். சாதா உப்பை விட்டு இந்துப்புக்கு மாறி, ராத்திரி பூண்டுப் பால் குடித்தால் போதும் என்கிறார் மாமியார். தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. கழுத்து வலிக்கு மட்டும் அடிக்கடி மாத்திரை போடுவதுண்டு. "எங்கள் வீட்டில் உப்பே அதிகம் சேர்ப்பதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?"

நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 27 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பிபிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருடமாக நானும் பிபிக்காரன்தான். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

கணவர், மாமியார், நான் மூன்று பேரையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். டாக்டர் கொடுத்த இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று உங்கள் பிபி, இன்னொன்று உங்கள் வீட்டு உப்பு. இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் அளந்ததே இல்லை. குத்துமதிப்பாகத்தான் பேசுகிறோம்.

முதலில் பிபி. முகாமில் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து "எனக்கு பிபி" என்று முடிவுகட்ட வேண்டாம். 180/110 போல எகிறி நின்றால் டாக்டர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வருவார். 152/96 அப்படியல்ல. வேறு வேறு நாட்களில் பார்த்து, அப்போதும் 140/90க்கு மேல் இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று எழுதுவார்கள். உங்களை மறுபடி வரச்சொன்ன டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அலுவலக முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாடிப்படி ஏறி வந்திருப்பீர்கள். ஐந்து நிமிடம் முன்புதான் காபி குடித்திருப்பீர்கள். வரிசையில் பின்னால் நிற்பவரோடு பேசிக்கொண்டே கையை நீட்டியிருப்பீர்கள். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல், சேலை ரவிக்கையின் கைமேலேயே சுற்றிய பட்டை. இதில் ஒவ்வொன்றும் எண்ணை மேலே தள்ளும். பேசிக்கொண்டிருந்தாலே பத்துப் புள்ளி வரை ஏறலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். கை தொங்கிக்கொண்டிருந்தால் இன்னும் கூடுதலாகக் காட்டும். டாக்டரையோ நர்ஸையோ பார்த்ததும் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு படபடப்பு வரும், அதுவும் சேர்ந்துகொள்ளும். அதற்காக "முகாம்ல பார்த்தது, நம்ப முடியாது" என்று விட்டுவிடவும் கூடாது. ஆஸ்பத்திரியில் நார்மலாகவும் வீட்டில் அதிகமாகவும் காட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆகவே வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்குங்கள். மேல்கையில் சுற்றுகிற வகையாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை, கைக்கடிகாரத்தில் பிபி காட்டுவதாகச் சொல்வதை நம்பி முடிவெடுக்கவே வேண்டாம். கடையில் எல்லோரும் கம்பெனிப் பெயரைத்தான் கேட்கிறார்கள், பட்டையின் அளவை யாரும் கேட்பதில்லை. பல மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கானது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல்காரர் டேப்பால் ஒருமுறை அளந்துகொண்டு போங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டும். பட்டை பொருந்தாமலேயே மாத்திரை ஏறிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பார்க்கும் முறை: காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால். நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். செல்போனும் வேண்டாம். கையை மேஜைமேல் வையுங்கள், பட்டை நெஞ்சின் உயரத்துக்கு வரும்படி. துணியின்மேல் சுற்றாமல் தோலின்மேல் சுற்றுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இதே மாதிரி இரண்டு தடவை. முதல்நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள், எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் இப்படி. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது கோடு 140/90 இல்லை, 135/85. அதற்குக் கீழே வந்தால் டாக்டர் பெரும்பாலும் மாத்திரையைத் தள்ளிப்போட்டுக் கவனிக்கச் சொல்வார். மேலே வந்தால் முகாமைக் குறைசொல்ல வழியில்லை.

ஏழு நாள் பார்க்கச் சொன்னால் சிலர் நாளைக்குப் பதினேழு தடவை பார்க்கிறார்கள். பதற்றத்திலேயே அது ஏறும். சண்டை போட்ட கையோடு பார்ப்பது, தூக்கம் வராத ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பது எல்லாம் வேண்டாம். பிபி என்பது நிலையான எண் இல்லை, தூங்கும்போது இறங்கும், படியேறினால் ஏறும். நமக்கு வேண்டியது அதன் பொதுவான மட்டம்.

"தொந்தரவு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. பிபிக்குப் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது, அதுதான் தொந்தரவு. தலைவலி வந்தால் பிபி ஏறிவிட்டது என்றும், தலைவலி இல்லாவிட்டால் பிபி இல்லை என்றும் நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டும் தப்பு. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ரத்தக் குழாய், இருதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை எல்லாவற்றையும் அது தேய்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் நிலையத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வந்த ஒரு லாரி ஓட்டுநர், 128/80 என்று வந்த அன்றைக்கு, "சார், நார்மல் ஆயிடுச்சு, இனிமே வேணாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை போடுவதால்தான் நார்மல் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஐந்து மாதம் கழித்து அவர் மனைவிதான் வந்தார். ஓட்டுநருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன.

சரி, இப்போது உப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

"எங்கள் வீட்டில் உப்பு அதிகம் சேர்ப்பதில்லை" என்று எல்லோருமே சொல்வார்கள். பொய் இல்லை, அவரவர் நாக்குக்கு அது அதிகமாகத் தெரிவதில்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். இட்லி மாவில் போட்டது, சாம்பார், ரசம், பொரியல், மோர், ஊறுகாய், கடை பிஸ்கட் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு ஸ்பூன். இந்தியாவில் நாம் சராசரியாக அதைவிட ரொம்பவே கூடுதலாகச் சாப்பிடுகிறோம்.

உங்கள் வீட்டுக் கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, எந்த ஆப்பும் வேண்டாம். அடுத்த தடவை உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். காலியாகும் நாளையும் எழுதுங்கள். நான்கு பேர் இருக்கும் வீடு என்றால் ஆளுக்கு 5 கிராம் வீதம் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். மீன் கழுவியது, கீரையைப் பூச்சி போக ஊறவைத்தது, வீட்டில் ஊறுகாய் போட்டது இவற்றை மட்டும் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய ஊறுகாயும் ஓட்டல் சாப்பாடும் இந்தப் பாக்கெட்டில் வராது என்பதையும் மறக்காதீர்கள்.

எனக்கு பிபி வந்தபோது என் வீட்டில் இதைச் செய்தேன். மூன்று பேர். ஒரு கிலோ 31 நாளில் தீர்ந்துவிட்டது. ஆளுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 10.75 கிராம். 66 நாள் வந்திருக்க வேண்டிய பாக்கெட். ஊருக்கெல்லாம் உப்பைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் வீட்டுக் கணக்கு இது. என் மனைவி நம்பவில்லை, அடுத்த பாக்கெட்டில் அவரே தேதி எழுதினார். அது 33 நாள் வந்தது.

எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியும். காலை இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, ஓரமாக வைத்த பொடியில் உப்பு. மதியச் சாப்பாட்டில் குழம்பு, ரசம், பொரியல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட்டு, கடைசியில் மோர்ச்சோற்றுக்கு ஒரு சிட்டிகை, தொட்டுக்கொள்ள ஊறுகாயோ மோர்மிளகாயோ. பந்தியில் இலையின் ஓரத்தில் முதலில் விழுவதே உப்புதான். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழி வைத்திருக்கும் ஆட்கள் நாம், சட்டென்று விட முடியாது.

ஆகவே ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். பத்தியச் சாப்பாடு மாதிரி ஆக்கினால் மூன்றாம் நாள் வீட்டில் போர் வரும், ஐந்தாம் நாள் நீங்களே பக்கத்துக் கடையில் பஜ்ஜி சாப்பிடுவீர்கள். நான்கில் ஒரு பங்கு குறையுங்கள், ஒரு மாதம் அப்படியே விடுங்கள். நாக்கு அதற்குள் பழகிவிடும். பிறகு இன்னும் கொஞ்சம். எங்கள் வீட்டில் பலித்தவை சில: சாதம் வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினோம், யாருக்கும் தெரியவே இல்லை. தயிரிலும் மோரிலும் உப்பு இல்லை, அதற்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை. பொரியலில் உப்பைக் கடைசியில் தூவினால் குறைவாகப் போட்டாலும் நாக்கில் முதலில் படும். ரசத்தில் மிளகும் புளிப்பும் நன்றாக இருந்தால் உப்புக் குறைவு மறைந்துவிடும். கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறுகிறவர்கள் கவனமாக இருங்கள், ஒரே ஸ்பூனில் தூள் உப்பு எடை கூடுதலாகப் பிடிக்கும். ஊறுகாய் ஜாடியை மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தோம். எழுந்துபோய் எடுக்கச் சோம்பல்பட்டே பாதி குறைந்தது. ஒரு வருடத்தில் பாக்கெட் 54 நாள் வந்தது. ஆளுக்கு 6 கிராம் சொச்சம். 5க்கு இன்னும் வரவில்லை, ஆனால் 10.75 எங்கே, 6 எங்கே.

கருவாடும் அப்பளமும் விருந்தாளி மாதிரி வந்துபோகட்டும். அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான். ஆப்பசோடாவும் அப்படியே. வயிறு உப்புசம் என்று தண்ணீரில் போட்டு நுரையோடு குடிக்கிறோமே அந்தப் பொடி, தண்ணீரில் கரையும் சில வலி மாத்திரைகள், இவற்றிலும் சோடியம் நிறைய இருக்கிறது. இதெல்லாம் உப்புக் கரிக்காது, அதனால் கணக்கில் வராமல் தப்பித்துவிடும். பாக்கெட் தீனியின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நூடுல்ஸ், சிப்ஸ் பாக்கெட்டுகளில் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

அடுத்து உங்கள் மாமியாரின் இந்துப்பு. இந்துப்பும் உப்புதான். அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சாதாரண உப்பில் இருக்கும் அதே சோடியம் குளோரைடு. ரோஸ் நிறம் தருவது இரும்பு முதலான தாதுக்களின் சிறு துளி. பிபிக்கு அது நல்லது என்பது வியாபாரப் பேச்சு. "இது உடம்புக்கு நல்ல உப்பு" என்று நினைத்துத் தாராளமாகப் போட ஆரம்பிப்பதுதான் இதில் ஆபத்து. இன்னொன்று, பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. முன்கழுத்துக் கழலை நோயைத் தடுக்கத்தான் அயோடின் உப்பையே கொண்டுவந்தார்கள். வீட்டில் கர்ப்பிணியோ வளரும் பிள்ளைகளோ இருந்தால் அயோடின் உப்பை விட வேண்டாம். உப்பைக் குறைப்பதும் அயோடின் உப்பை வைத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒன்று விற்கிறது. இது இந்துப்பு மாதிரி வெறும் பேச்சில்லை, இதில் விஷயம் இருக்கிறது. சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து வருடம் பார்த்தார்கள், முடிவு 2021இல் வந்தது. கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல சேதிதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள் இதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் வெளியே போக முடியாமல் ரத்தத்தில் தேங்கினால் இருதயத் துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிபி மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது, அவையும் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் உங்களுக்கு எவ்வளவு என்று தெரிவதற்கு முன்னால் அந்தப் பாக்கெட்டைக் கூடையில் போடாதீர்கள்.

பூண்டுப் பால் குடிக்கலாம். பூண்டு பிபியைக் கொஞ்சம் இறக்குகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. 152ஐ 130க்குக் கொண்டுவரும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது, அவ்வளவுதான். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு கதையும் இதேதான், காய்கறியாக அவை நல்லவை. ஆனால் மாமியாரின் அஞ்சறைப் பெட்டியில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். சளிக்கும் தொண்டைக்கும் கஷாயத்தில் போடுவார்கள், வாயில் அடக்கிக்கொள்வதும் உண்டு. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும், பிபியை நேராக ஏற்றிவிடும். ஒருநாள் இருமலுக்கு ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. தினம் அதிமதுர டீ குடிப்பவர் பிபிக்காரராக இருக்கக் கூடாது. மூலிகைக்குப் பக்க விளைவே இல்லை என்பவர்களிடம் நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்.

"இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம்" என்பவர்களிடம் சொல்ல இன்னொன்றும் வைத்திருக்கிறேன். சர்ப்பகந்தா என்ற நம் நாட்டு வேரை பிபிக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அதன் பிறகுதான் அந்த வேரிலிருந்து எடுத்த ரிசர்பின் உலகம் முழுக்கப் பரவியது. பிபிக்கு முதலில் வந்த மாத்திரைகளில் அது ஒன்று. பின்னால் அதைவிடத் தொல்லை குறைந்தவை வந்ததும் ஒதுங்கிவிட்டது. வேராக இருந்ததும் மாத்திரையானதும் ஒரே பொருள்தான். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்று தெரியும், வேரில் தெரியாது.

இப்போது உங்கள் கழுத்து வலி மாத்திரை. உங்கள் கேள்வியிலேயே என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் சீண்டும், பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். அடிக்கடி என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? அட்டையில் உள்ள பெயரோடு டாக்டரிடம் சொல்லுங்கள். பலருக்கு இதைச் சொல்லத் தோன்றுவதே இல்லை, "அது சும்மா வலிக்குப் போடறது" என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் நேராகக் கேட்டு வாங்கும் பழக்கத்தில் நம் துறைக்காரர்களுக்கும் பங்குண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எப்போதாவது தாங்க முடியாவிட்டால் பாரசிட்டமால் போடுங்கள். கழுத்து வலிக்குக் கணினித் திரையின் உயரத்தைச் சரிசெய்வதும் இயன்முறை சிகிச்சையாளர் சொல்லும் பயிற்சியும்தான் வழி. மூக்கடைப்புக்கான சில ஜலதோஷ மாத்திரைகள், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு இவையும் பிபியை ஏற்றும். எதையாவது போட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியில் கணவரின் பயத்துக்கு வருகிறேன். மாத்திரையை ஆரம்பித்தால் விட முடியாது என்பதில் பாதி உண்மை. பிபி மாத்திரை பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளும் வகை அல்ல. பிபி தானாகப் போகிற நோய் இல்லை என்பதால்தான் மாத்திரையும் தொடர்கிறது. கண்ணாடி போட்டால் கழற்ற முடியாது என்று யாரும் கண்ணாடிக்குப் பயப்படுவதில்லை, இதுவும் அப்படித்தான். எடையும் உப்பும் நன்றாகக் குறைந்து, டாக்டர் அளவைக் குறைத்து, சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறார். அவர் செய்ய வேண்டும், நாமாகச் செய்யக் கூடாது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிபி முன்பைவிட எகிறிவிடும்.

பக்க விளைவு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாபிரில், ராமிபிரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வந்து மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருப்பார்கள். நீர் பிரியும் மாத்திரையில் சோடியம், பொட்டாசியம் குறையலாம். இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராமல் டாக்டரிடம் போனால் வேறு வகைக்கு மாற்றிவிடுவார். எனக்கே முதலில் கொடுத்தது ஒத்துவராமல் மாற்றினார்கள். உங்களுக்கு இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லை என்றால் ஒன்று முக்கியம்: டெல்மிசார்டன், எனலாபிரில் வகைகள் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும். 43 வயதில் அந்தக் கேள்வியைக் கேட்க டாக்டருக்குக் கூச்சமாக இருக்கலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி மாத்திரை இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேலைக்குப் போகும் உங்களுக்கு அவர்கள் வரும் நேரம் ஒத்துவராமல் போகலாம், மாமியாருக்கு ஒத்துவரும்.

நடைப்பயிற்சி பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகம். எட்டு போட்டு நடப்பதும் நடைதான், வீதியில் நேராக நடப்பதைவிட அதில் தனி மகிமை ஒன்றும் கிடையாது. எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ இறங்குவதற்குச் சுமார் ஒரு புள்ளி என்று மேல் எண் இறங்கும். கணவரிடம் ஒன்று கேளுங்கள்: ராத்திரி நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? அப்படியானால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், அந்தத் தூக்கக் கோளாறே பிபியை இறங்கவிடாது.

இரண்டு வாரம் கழித்துப் போகும்போது ஏழு நாள் எழுதிய தாள், போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், உங்கள் மெஷின் மூன்றையும் எடுத்துப் போங்கள். அவர் மெஷினும் உங்களுடையதும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி இவற்றைப் பார்க்கச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அதுவரை காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. பிபி 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் உடனே 108. வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு கையோ காலோ விழுந்தால் பிபி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம், அதற்கும் 108தான். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால் நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டிய ஊசி இருக்கிறது, அதனால் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பிபி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுப்பார், வாங்காதீர்கள். அழுத்தத்தைத் திடீரென்று தள்ளிவிடுவது மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். எந்தத் தொந்தரவும் இல்லாமல் 180 காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள், இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மெஷின் வந்ததும் கணவர் கையையும் மாமியார் கையையும் ஒருமுறை பட்டைக்குள் விட்டுப் பாருங்கள். அவர்களும் அதே சாம்பாரைத்தான் இத்தனை வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.